கிள்ளான், லங்காட் கரைகளின் ஈமமேடுகள்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங் நகரை அடுத்து கம்போங் சுங்கை லாங் என்ற சிற்றூர் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு அங்கே ஒரு தாழ்ந்த மண்மேட்டின் அடியிலிருந்து இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டன. இரண்டும் ஒரு மரப்பலகையின்மேல் வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பலகை ஒரு படகின் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். கூடவே கண்ணாடி மணிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. அரும்பொருளகத் துறையைச் சேர்ந்த தொல்லியலாளர் பீகாக் இந்த இடத்தை ஆராய்ந்து எழுதினார். பலகையின் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டைக் காட்டியது. மரம் வெட்டப்பட்ட காலமும் மேடு எழுப்பப்பட்ட காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே கி.மு. கடைசி நூற்றாண்டுகளுக்கும் கி.பி. முதலிரு நூற்றாண்டுகளுக்கும் இடையே அந்த மேட்டை வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம்.

மேட்டுக்குள் எலும்பு இல்லை. கிள்ளான், லங்காட் சமவெளி முழுவதும் ஈரமும் புளிப்பும் மிகுந்த மண். அதில் எலும்பு சில நூற்றாண்டுகளில் கரைந்துவிடும். வெண்கலமும் கண்ணாடியும் சுட்ட மண்ணும்தான் நிற்கும். சேற்றில் காற்றுப் படாமல் புதைந்த மரமும் தப்பிவிடுவதுண்டு. ஆளைக் காணாமலே அது ஈமமேடு என்று முடிவு செய்ய மூன்று காரணங்கள் இருக்கின்றன. பொருள்களை ஒளித்து வைப்பவர் மேலே மேடு எழுப்பி அடையாளம் காட்டமாட்டார். முரசைப் படகுப் பலகைமேல் வைத்த ஒழுங்கில் ஒரு சடங்கின் முறை தெரிகிறது. படகும் முரசும் சேர்ந்த புதைகுழிகள் தென்கிழக்காசியாவின் வேறு இடங்களிலும் உண்டு. வியட்நாமில் ஹைபோங் அருகே வியட் கே என்ற இடத்தில் 1961இல் மரத்தைக் குடைந்து செய்த படகு வடிவச் சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதனுள் வெண்கல முரசு உட்பட 100க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. சுங்கை லாங் மேடு அதே வழக்கத்தின் எளிய வடிவம் என்றே கொள்ள வேண்டும்.

இந்த முரசுகளுக்குத் தொங்சோன் முரசுகள் என்று பெயர். வட வியட்நாமின் தான்ஹோவா மாநிலத்தில் உள்ள தொங்சோன் கிராமத்தில் 1924இல் தொடங்கிய அகழாய்வு அந்தப் பெயரைத் தந்தது. அதற்கு முன்பே 1902இல் பிரான்ஸ் ஹேகர் என்ற ஆஸ்திரிய அறிஞர் இவ்வகை முரசுகளை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். சுங்கை லாங் முரசுகள் அவற்றில் முதல் வகை, அதாவது பழைய வகை. தமிழ்நாட்டு முரசுக்குத் தோல் போர்த்த வேண்டும். தொங்சோன் முரசிலோ அடிக்கும் முகமும் உடலும் எல்லாம் வெண்கலமே. செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் உருக்கிக் கலந்து வார்த்திருக்கிறார்கள். மேல்முகத்தின் நடுவில் கதிர்கள் விரிந்த விண்மீன் இருக்கும். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோலங்கள், பறக்கும் பறவைகள். சிறந்த முரசுகளில் தலையில் இறகு சூடிய வீரர்களும், அவர்கள் ஏறிச் செல்லும் நீண்ட படகுகளும் உடலில் வார்க்கப்பட்டிருக்கும்.

அந்தப் படகுகள் எங்கே போகின்றன என்பது பழைய கேள்வி. 1920களின் இறுதியில் விக்டர் கோலுபேவ் என்ற அறிஞர் அவற்றை போர்னியோ தாயாக் மக்களின் ஈமச் சடங்கோடு ஒப்பிட்டார். தாயாக் மக்களிடம் இறந்தோரின் உயிரை மறு உலகுக்கு ஏற்றிச் செல்லும் கப்பலின் ஓவியம் வழக்கில் இருந்தது. எல்லா அறிஞர்களும் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. போர்ப் படகு, நீர்விழாப் படகு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் சுங்கை லாங்கில் முரசு படகுப் பலகைமேல் வைக்கப்பட்டிருப்பதை நினைத்தால் கோலுபேவின் கருத்துக்கு வலு கூடுகிறது. ஆற்று முகத்திலும் சதுப்பிலும் வாழ்ந்த மக்களுக்கு எங்கே போவதானாலும் படகுதான் வழி. இறந்தவருக்கும் அதையே கொடுத்திருக்கிறார்கள்.

மலேசியத் தீபகற்பத்தில் இத்தகைய முரசுகள் அரிதாகவே கிடைத்துள்ளன. பகாங்கில் தெம்பெலிங் ஆற்றங்கரையில், பெருவெள்ளம் கண்ட 1926ஆம் ஆண்டில் ஒன்று கிடைத்தது. கிள்ளானிலேயே புக்கிட் கூடாவில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1944இல், இன்னொன்று வெளிப்பட்டது. 1960களில் கோல திரெங்கானுவிலும் கிடைத்தன. இவற்றை இங்கேயே வார்த்ததற்கான அச்சு எதுவும் தீபகற்பத்தில் கண்டெடுக்கப்படவில்லை. எனவே முரசுகள் வடக்கிலிருந்து கடல்வழி வந்தவை. ஒரு முரசு பல கைகள் மாறி, பல துறைகள் தாண்டி வந்திருக்கும். அவ்வளவு தொலைவு கடந்து வந்த பொருளை, மீண்டும் எடுக்க முடியாதபடி மண்ணுக்குள் வைத்தார்கள் என்றால், வைக்கப்பட்டவர் அந்த ஊருக்கு யாராக இருந்தார் என்பது விளங்கும்.

பண்டமாற்றாக இங்கிருந்து போனது எது? வெண்கலத்துக்கு வெள்ளீயம் வேண்டும். அந்த வெள்ளீயம் உலகில் மிகச் செறிவாகக் கிடைத்த இடங்களுள் ஒன்று இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரை. 19ஆம் நூற்றாண்டில் கோலாலம்பூரைப் பிறப்பித்ததும் அதே உலோகம்தான். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் உள்நாட்டு மலைச்சரிவிலிருந்து மலாக்கா நீரிணைக்கு இறங்குகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் பகாங் ஆறுகள் தென்சீனக் கடலுக்கு ஓடுகின்றன. அங்கே பொன் உண்டு. கிள்ளானையும் தெம்பெலிங்கையும் ஒரே வலையின் இரு முனைகளாகப் பார்த்தவர் ஆய்வாளர் லினெஹான். இந்த இரு வட்டாரங்களின் வெண்கலப் பொருள்களையும் இரும்புக் கருவிகளையும் சேர்த்து அவர் 1951இல் எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கநிலை வாசிப்பாக இருக்கிறது. பிசின், மரம், யானைத் தந்தம் போன்ற காட்டுப் பொருள்களும் அதே ஆறுகள் வழியே இறங்கியிருக்கும். அவை மண்ணில் தடம் விடுவதில்லை.

முரசுகளுக்கு முன்பே கிள்ளானைத் தொல்லியல் நூல்களில் இடம்பெறச் செய்தவை வெண்கல மணிகள். 1905இல் கிள்ளானில் உயரமான சில மணிகள் கிடைத்தன. பக்கங்கள் தட்டையாக அழுந்தி, வாய் நீள்வட்டமாக இருக்கும் இவற்றின்மேல் சுருள் கோலங்கள் வார்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 1949 முதல் லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ளது. கி.மு. 200க்கும் கி.பி. 200க்கும் இடைப்பட்டது என்று அதற்குக் காலம் குறித்திருக்கிறார்கள். ஜோகூர் மாநிலம் மூவாரில் கம்போங் பெஞ்சு என்ற இடத்திலும் இதே வகை மணி கிடைத்தது. கம்போடியாவிலும் உறவுள்ள வடிவம் உண்டு. முரசும் மணியும் ஒலிக்கும் கருவிகள். அரசனோ குலத்தலைவனோ ஊரைக் கூட்டவும், போருக்கு அழைக்கவும், சாவை அறிவிக்கவும் ஒலி தேவை. ஒலிக்கருவியை வைத்திருப்பவர் கையில் ஊரைக் கூட்டும் அதிகாரமும் இருந்தது. புறநானூறு காட்டும் காலத்தில் தமிழ் வேந்தரின் முரசுக்குத் தனிக் கட்டிலும் வழிபாடும் இருந்ததை அறிந்த வாசகருக்கு இது எளிதில் புரியும்.

வெண்கலம் வெளியிலிருந்து வந்த மதிப்புப் பொருள் என்றால், அன்றாடக் கருவி இரும்பு. சிலாங்கூர், பேராக், பகாங் பகுதிகளில் நீண்ட காம்புத்துளை கொண்ட இரும்புக் கோடரி, கத்தி, அரிவாள் முதலியவை கூட்டம் கூட்டமாகக் கிடைத்துள்ளன. மலாய் மக்கள் இவற்றை ‘துலாங் மாவாஸ்’ என்று அழைத்தார்கள். மாவாஸ் என்னும் காட்டு மனிதக் குரங்கின் முன்கை எலும்பு இரும்பாலானது, அதைக் கொண்டே அது மரத்தை வெட்டும் என்பது நாட்டார் நம்பிக்கை. கருவி செய்தவர்களின் நினைவு ஊரில் முற்றிலும் அற்றுப்போன பிறகு எழுந்த கதை இது. வேறு எங்கும் காணாத வளைந்த காம்பும் துளையும் இந்தக் கருவிகளுக்கு இருப்பதால், இவை இந்நாட்டுக் கொல்லரின் வேலை என்று கொள்வது பொருத்தம். அவை மண்ணில் வைக்கப்பட்டிருக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. சில தனிக் குவியலாகவும், சில கல்லறைகளுக்குள் இறந்தவரின் உடைமையாகவும் கிடைத்தன.

அந்தக் கல்லறைகள் சிலாங்கூரின் வட எல்லையில், பெர்னாம் ஆற்றுப் படுகையிலும் அதற்கு வடக்கே பேராக் மாநிலத்தின் சுங்கை, சிலிம் பகுதிகளிலும் உள்ளன. பெரிய கருங்கல் பலகைகளை நிலத்தில் நிறுத்தி, நீண்ட பெட்டி போல அமைத்து, மேலே பலகை மூடியவை. தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் 1920களின் பிற்பகுதியில் இவற்றை ஆராய்ந்தார். 1930களில் சங்காட் மெந்தெரியில் காலிங்ஸ் அகழ்ந்தார். உள்ளே கிடைத்தவை முரட்டு மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். இங்கும் எலும்பு கரைந்து போயிருந்தது. கொங்கு நாட்டுக் கற்பதுக்கைகளைப் பார்த்தவருக்கு இந்தப் பெட்டிகளின் அமைப்பு உடனே நினைவுக்கு வரும். தோற்றம் ஒத்திருப்பது கண்டு ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்லிவிடக் கூடாது. பலகைக் கல் கிடைக்கும் இடமெல்லாம் மக்கள் கல்பெட்டி செய்திருக்கிறார்கள். பெட்டியைக் காட்டிலும் உறுதியான உறவு, அதற்குள் கிடந்த மணிகளில் இருக்கிறது.

சூதுபவளம் என்பது செந்நிறக் கல். குஜராத்திலும் தக்காணத்திலும் கிடைக்கும் கல்லைச் சூடாக்கி நிறம் ஏற்றி, சீவி, உருட்டி, மெருகேற்றி, இரு முனையிலிருந்தும் துளையிட்டுச் செய்வார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இந்தத் தொழில் நடந்த பட்டறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பழனி அருகே பொருந்தல் ஈமக்குழியில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அதே குழியில் ஒரு கலத்தில் வைக்கப்பட்டிருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் ஒற்றை நிறச் சிறு கண்ணாடி மணிகள் பெருமளவில் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியைக் குழாயாக நீள இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுங்கச் செய்வது அந்த முறை. ஆந்திரத்தில் காளத்தி அருகே பாப்பாநாயுடுப்பேட்டையில் இதே முறை நம் காலம் வரை நீடித்தது. செங்கல் நிறம், நீலம், மஞ்சள், பச்சை, கறுப்பு என்ற இந்தச் சிறுமணிகள் அரிக்கமேட்டிலும் இலங்கை மாந்தையிலும் தாய்லாந்தின் குவான் லுக் பட்டிலும் பேராக்கின் கோல செலின்சிங்கிலும் கிடைக்கின்றன. பின்னாளில் தென்கிழக்காசியாவிலேயே பட்டறைகள் எழுந்தன. ஆகவே மேட்டில் கிடைக்கும் ஒவ்வொரு கண்ணாடி மணியும் தமிழகத்தில் செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைத்திறன் வங்கக் கடலின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போனது என்பதில் ஐயமில்லை.

கைவினைஞர்களே போனதற்கும் சான்று உண்டு. குவான் லுக் பட்டில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், பெரும்பதன் என்ற தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் தாய்லாந்தின் மேற்குக் கரையில் பொன் உரைத்துப் பார்த்ததைச் சொல்கிறது. கோல செலின்சிங்கில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் பெயர் பொறித்த சூதுபவள முத்திரை கிடைத்தது.

கோல செலின்சிங் இந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டிய ஊர். தைப்பிங்கை அடுத்த மாத்தாங் கடலோரத்தில், அலையாத்திக் காட்டுக்குள் தீவு தீவாகச் சில மேடுகள் உள்ளன. நீர்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட சிப்பி ஓடும் பாண்ட ஓடும் சேர்ந்து உயர்ந்த மேடுகள் அவை. எவன்ஸ் முதலில் ஆராய்ந்தார். 1980களில் நிக் ஹாசான் சுஹைமி மீண்டும் அகழ்ந்தார். இறந்தவர்களைப் படகிலேயே கிடத்தி, மணிகளோடும் மட்பாண்டங்களோடும் அடக்கம் செய்திருந்தார்கள். சிப்பி சுண்ணாம்பாக இருந்து மண்ணின் புளிப்பைத் தணித்ததால் இங்கே எலும்புகள் தப்பின. சுங்கை லாங்கில் பலகையும் மணியும் சாடையாகச் சொன்னதை இந்த இடம் ஆளோடு காட்டுகிறது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் தொடங்கிய குடியிருப்பு கி.பி. 10ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. படகில் அடக்கம் செய்யும் வழக்கம் தொங்சோன் காலத்தோடு முடிந்துவிடவில்லை, இடைக்காலத்தின் முற்பகுதி வரை இந்தக் கரையில் உயிரோடு இருந்தது என்பதற்கு இதுவே வலுவான ஆதாரம்.

அதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் வீரர்களைப் படகில் வைத்து மேலே மண்மேடு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனின் வெண்டெல், வால்ஸ்யார்டே ஊர்களில் குதிரையும் கவசமும் வாளும் படகோடு புதைக்கப்பட்டன. இங்கிலாந்தின் சட்டன் ஹூ மேட்டை 1939இல் தோண்டியபோது ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் அச்சு மண்ணில் பதிந்திருந்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் கப்பலில் தலைக்கவசம், வாள், கேடயம், பைசாந்திய வெள்ளிப் பாத்திரங்கள், 37 பொற்காசுகள், ஒரு யாழ் ஆகியவை இருந்தன. உடல் இல்லை. சுங்கை லாங்கில் போலவே அங்கும் புளித்த மண் எலும்பைத் தின்றுவிட்டது. அக்காலத்து ஐரோப்பியப் பொன்னணிகளில் பதித்த செந்நிறக் கார்னெட் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்று வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. தென்னாசியாவின் சிவப்புக் கல் மேற்கே பிராங்க், சாக்சன் தலைவர்களின் மேடுகளுக்கும், கிழக்கே பெர்னாம் ஆற்றுக் கல்லறைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தமிழகத்தில் வழக்கம் வேறு வழியில் வளர்ந்தது. இரும்புக்காலத் தமிழரும் இறந்தவரோடு பொருள் வைத்தவர்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்ந்தபோது தாழிகளில் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு ஆயுதங்களும் கிடைத்தன. வாளும் வேலும் முனை கீழாக இருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் தாழியைச் சுற்றியுள்ள மண்ணில் குத்தி வைத்தது போல் இருந்தது என்று அவர் எழுதினார். ஆனால் போரில் இறந்த வீரனுக்கு என்று தனி மரபு எழுந்தபோது, செல்வம் மண்ணுக்குள் போகவில்லை. கல் மேலே எழுந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயர் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நீராட்டி நட்டுப் படையல் இட்டு வாழ்த்துவது வரை எல்லாம் ஊர் கூடிச் செய்யும் வேலை.

பல்லவர் காலத்தில், அதாவது சட்டன் ஹூ கப்பல் புதைக்கப்பட்ட அதே 7ஆம் நூற்றாண்டில், செங்கம், தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் பெருகின. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் நெஞ்சில் நிற்பது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் தொறு, அதாவது ஆநிரை, மீட்டு மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் காலடியில் அவனுடைய நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. வட ஐரோப்பாவில் வீரனோடு குதிரையையும் நாயையும் கொன்று புதைத்தார்கள். இங்கே நாயின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். இந்த இரண்டில் எது பெரிய மரியாதை என்று தமிழ் வாசகர் தயங்க வேண்டியதில்லை. இறந்த வீரனின் குடும்பத்துக்கு ‘நெய்த்தோர்பட்டி’, ‘உதிரப்பட்டி’ என்ற பெயர்களில் நிலம் விடப்பட்டது. மண்ணில் புதைத்தால் யாருக்கும் பயன்படாத செல்வம், விளைநிலமாக அவன் பிள்ளைகளுக்குப் போயிற்று. சோழ மன்னர்களுக்கு இதே எண்ணம் கோயிலாக வளர்ந்தது. தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்தனுக்குப் பராந்தகன் எடுத்த பள்ளிப்படையும், மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் ராஜராஜன் எடுத்ததும் அந்த வகை.

சுங்கை லாங் மேட்டில் கிடந்தவர் போர்வீரரா? இதுவரை கிடைத்த பொருள்களில் வாளோ வேலோ முதன்மையாக இல்லை. முரசு தலைமையைக் காட்டுகிறது, மணிகள் செல்வத்தைக் காட்டுகின்றன, படகு கடல் ஆளுகையைக் காட்டுகிறது. சிறு ஆற்றுமுகங்களை ஆண்ட குலத்தலைவர்கள் தேவையானபோது போருக்கும் தலைமை ஏற்றிருப்பார்கள். இதற்கு மேல் போவது ஊகம். அவர்கள் தமிழர்களும் அல்லர். தமிழகத்து மணிகள் கிடைத்ததைக் கொண்டு கல்லறைக்கு உரிமை கொண்டாடுவது, தொங்சோன் முரசைக் கொண்டு அவரை வியட்நாமியர் ஆக்குவதற்குச் சமம். இந்நாட்டு மக்களே தொலைவிலிருந்து வந்த பொருள்களைத் தம் சடங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். டெங்கில் அருகே ஜெண்டராம் ஹிலிரில் ஈய லம்பத்திலிருந்து வெளிப்பட்ட மூன்று கால் பானைகள், இந்த முரசுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே லங்காட் கரையில் மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. அவர்களின் வழிவந்தோரை இன்றைய பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களிடமும் மலாய் மக்களிடமும் தேடுவதே முறை.

பூர்வகுடிகளின் ஈமச் சடங்கு பற்றிய பழைய பதிவுகள் இந்த மேடுகளைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. சிலாங்கூர் நிர்வாகத்தில் பணியாற்றிய ஸ்கீட், பிளாக்டனுடன் சேர்ந்து 1906இல் வெளியிட்ட இரு தொகுதி நூலில், தீபகற்பத்தின் தெற்குப் பகுதிப் பூர்வகுடிகள் புதைகுழிமேல் சிறு குடில் கட்டியதையும், உயிர் ஏறிப்போகச் சின்ன ஏணி சார்த்தியதையும், உணவும் இறந்தவர் பயன்படுத்திய பொருள்களும் வைத்ததையும் காணலாம். அந்நூலில் பெசிசி என்று குறிக்கப்பட்ட மக்களே இன்று மா மெரி எனப்படுகிறார்கள். சுங்கை லாங்குக்கு எதிரே நீர் தாண்டியுள்ள கேரித் தீவில் அவர்கள் ஆண்டுதோறும் மூதாதையர் நாள் கொண்டாடுகிறார்கள்.

இஸ்லாம் பரவிய பின் தீபகற்பத்தின் கடலோரங்களில் கல்லறையில் பொருள் வைப்பது நின்றது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடல், மேலே அடையாளக் கல் என்ற எளிய முறை வந்தது. கிள்ளானின் பெயர் ஏட்டில் ஏறியது 1365இல் எழுதப்பட்ட ஜாவானிய நூலான நகரகிருதாகமத்தில். சுங்கை லாங் மேட்டுக்கும் அந்த ஏட்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இருக்கின்றன. அந்த நீண்ட இடைவெளிக்கு இந்த மாவட்டங்களில் எழுத்துச் சான்று கிடையாது. கல்லறைப் பொருள்களே சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் வந்த தமிழர்கள் தங்கள் சாவுச் சடங்குகளைக் கொண்டுவந்தார்கள். நெற்றியில் காசு, வாயில் அரிசி, தெருவில் தப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் சாவுக்கு முரசறையும் வழக்கம் இப்படி மறுபடி வந்தது. இரண்டுக்கும் இடையே வழித்தொடர்பு இல்லை, ஆனாலும் சாவை ஒலியால் அறிவிக்கும் தேவை ஒன்றே.

இந்தச் சான்றுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈய லம்பங்கள் ஆற்றுப் படுகையை அடியோடு புரட்டின. தோட்டங்களுக்கும் பின்னர் செம்பனைக்கும் மேடுகள் சமப்படுத்தப்பட்டன. கோலாலம்பூரில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகம் 1945 மார்ச் 10ஆம் தேதி நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் தகர்ந்தது. அதன் இடத்தில் எழுந்த தேசிய அரும்பொருளகம் 1963 ஆகஸ்ட் 31ஆம் தேதி திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகலாம். தொங்சோன் முரசும் இரும்புக்காலப் பொருள்களும் அங்கே முதல் கூடத்தில் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா பெரும்பாலும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கோடு நின்றுவிடுகிறது. தங்கள் வீட்டுக்கு அரைமணி தொலைவில் கிடைத்த முரசையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

கோல லங்காட்டிலும் கிள்ளானிலும் கால்வாய் வெட்டும்போதும் வீட்டுமனை சமன் செய்யும்போதும் இன்னும் பழம்பொருள் வெளிப்பட வாய்ப்புண்டு. பச்சை படிந்த உலோகத் துண்டோ, துளையிட்ட சிவப்பு மணியோ, சேற்றில் பலகையோ கண்ணில் பட்டால் அதைக் கழுவாமல், இடம் மாற்றாமல், வேலையை நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும். மணி தனியாகக் கிடைத்தால் அது மணி மட்டுமே. எந்த ஆழத்தில், எதன் அருகே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது ஈமச் சடங்கின் சான்றாகும். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும்.